சூடு இறங்க வேண்டாம்

வாயைத் திறக்கக் கூடாது. எழுந்து உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பக்கத்தில் குறட்டை விடும் மனிதரை உலுக்கி மணி என்ன என்று கேட்கவும் கூடாது. கண் விழித்ததும் தலையணைக்கு அடியில் கையை விட்டு, ராத்திரியே உதறி வைத்த தெர்மாமீட்டரை எடுத்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, செத்த மாதிரி கிடக்க வேண்டும். சீ, இன்றைக்குப் போய் என்ன வார்த்தை. மரம் மாதிரி கிடக்க வேண்டும். மாரியம்மன் கோயில் மைக்கில் ஒரு பாட்டு தொடங்கி முடியும் வரைக்கும். ஆடி மாதத்தில் இது ஒரு வசதி, விடிவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்துவிடும், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் பாதரசம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறி நின்றுவிடும். இப்போது உடுக்கைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, பாடுகிற அம்மாள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்கட்டும், மெதுவாகவே திறக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. பொய். அவசரம்தான். ஆனால் அந்தப் பாதரசக் கோட்டைப் பார்க்கப் பயமாகவும் இருக்கிறது, அதனால் பாட்டு நீளமாக இருந்தால் நல்லது என்றும் தோன்றுகிறது. நேற்றுவரை சூடு இறங்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ரெஜினா, இறங்குவதானால் இதற்குள் இறங்கிவிடும் என்று சொன்ன கெடு நேற்றோடு முடிந்தது. இன்றைக்கும் இறங்காமல் இருந்தால், என்று அவள் தொடங்குவாள், ஆனால் ஒரு நாளும் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை, கண்ணை மட்டும் அகலமாக வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நானும் இங்கே முடிக்கப் போவதில்லை. நினைத்தால் கண் பட்டுவிடும், என் கண்ணே பட்டுவிடும்.

போன மாதமும் இப்படித்தான் ஏறியது. ஏறி, நன்றாக நின்றது, நான் மனதுக்குள் பெயர்கூட வைக்கத் தொடங்கிவிட்டேன், பிறகு ஒருநாள் காலையில் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் பாதரசம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றில் ஒரு வலி இல்லை, துணியில் ஒரு சொட்டு இல்லை, உலகத்தில் யாருக்கும் தெரியாது, அந்தக் கண்ணாடிக் குச்சிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மறுநாள் தூரம் ஆனேன். அதற்கப்புறம் தலைக்குக் குளித்தேன். இந்த வீட்டில் நான் வேளைகெட்ட வேளையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் ஒரு அறிவிப்பு மாதிரி, முற்றத்துக் குழாயில் பக்கெட் நிறையும்போதே அடுப்படியில் அத்தையின், என் மாமியாரின், கை கொஞ்சம் நிற்கும், பிறகு மறுபடியும் பாத்திரச் சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், கேட்காததனால் ஈரத் தலையோடு போய்க் காபி குடிப்பேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் யாரையாவது முழுகாமல் இருக்கிறாள் என்று பெரியவர்கள் சொன்னால், பிள்ளை உண்டானால் குளிக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இப்போது எனக்கு அப்படி ஆசையாக இருக்கிறது, பத்து மாதம் அந்த நேரம்கெட்ட குளியல் இல்லாமல் இருக்க, எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாக்குக்கு அடியில் எச்சில் ஊறுகிறது. விழுங்கலாமா? விழுங்கலாம், உதடு மட்டும் மூடியிருக்க வேண்டும். பாடுகிறவள் ஆரம்பித்துவிட்டாள். நாள் முழுக்கச் சூட்டைப் பார்ப்பதுதான் என் வேலை, பெருந்துறை ரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் லேபில், சின்னச் சின்ன டப்பாக்களில் துணியையும் சாயத்தையும் போட்டுச் சூடேற்றி, நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பது. சூடு மெதுவாக ஏற வேண்டும், ஏறியதும் அதே இடத்தில் பிடித்து வைக்க வேண்டும், நடுவில் இறங்கினால் சாயம் நூலுக்குள் இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். ஒன்பது வருடமாக மெஷின்களின் சூட்டை வரைந்திருக்கிறேன், என் உடம்புக்கு ஒரு கோடு உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது அந்தக் கோட்டையும் லேப் கிராஃப் தாளில்தான் வரைகிறேன், வீட்டில் வைத்தால் அத்தை கேட்பார். அதை ஒருநாள் மேஜைமேல் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் சூப்பர்வைசர் சண்முகநாதன் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இது எந்த மெஷின், இவ்வளவு நாள் கீழேயே கிடந்துவிட்டு இப்போதுதான் ஏறுகிறது, ஹோல்டிங்கில் சூடு நிற்குமா நிற்காதா என்று கேட்கிறார். ரெஜினாதான் அசராமல், புது மெஷின் சார், ட்ரையலில் இருக்கிறது, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதுகூட என்னால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியவில்லை. இப்போது சிரிக்கக் கூடாது. சிரித்தால் குச்சி ஆடும், ஆடினால் காற்றுப் போகும், காற்றுப் போனால் கோடு குறைவாகக் காட்டும், கோடு குறைந்தால் நான் இங்கேயே உடைந்து போவேன்.

வெள்ளை. அந்த ஒரு வார்த்தைதான் எங்களை நாலு வருடம் ஏமாற்றியது. லேபில் என்னிடம் வெள்ளை என்று யாராவது துணி கொண்டுவந்தால், எந்த வெள்ளை என்றுதான் முதலில் கேட்பேன், பால் வெள்ளையா, நீலம் போட்ட வெள்ளையா, கோரா வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பேர்ப்பட்டவள், கல்யாணமான மூன்றாம் மாதம் அத்தையிடம் போய், எனக்கு வெள்ளைப்படுகிறது போலிருக்கிறதுங்க அத்தை என்று பயந்துபோய்ச் சொன்னேன். மாதத்தின் நடுவில் சில நாள், உள்ளே ஈரம், விரலில் தொட்டால் வழுக்கும், இழுத்தால் நூலாக நீளும். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. வயசுக்கு வந்த காலத்திலிருந்து என் அம்மாவும் சித்தியும் பள்ளிக்கூடத்துத் தோழிகளும் அதற்கு அந்த ஒரு பெயரைத்தான் வைத்திருந்தார்கள், பெயரே வியாதியின் பெயர். அத்தை பதறிவிட்டார். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது, என்னைத்தான் பெண் மாதிரி பார்ப்பார். ஒடம்பு சூடு கண்ணு, சூடு தாங்காமத்தான் எலும்பு உருகி வெளிய வருது என்று சொல்லி, வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார், இளநீர் வாங்கிவரச் சொன்னார், தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். அதோடு நிறுத்தினாரா? இந்த மாதிரி நாளில் ஆம்பளையோடு படுத்தால் சூடு இன்னும் ஏறும், உடம்பு இற்றுப்போகும் என்று, என் பாயை எடுத்துக்கொண்டுபோய் ஆசாரத்தில், முன்கூடத்தில், தன் அறை வாசலை ஒட்டி விரித்துவிட்டார். ஈரம் நின்று இரண்டு மூன்று நாள் உடம்பு தேறியபின்தான் இந்த அறைக்குத் திரும்ப அனுப்புவார். மாதா மாதம். நானும் மாதா மாதம் ஒழுங்காகப் போய்ச் சொன்னேன், அத்தை, வந்துருச்சுங்க என்று. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் வேடிக்கை.

அது வெள்ளையே இல்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், எனக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை, இன்றிலிருந்து ஆசாரத்தில் படுக்கை என்று ரெஜினாவிடம் சொன்னேன், என்ன ஏது என்று துருவினாள், சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். எந்த வெள்ளை என்று கேட்டாள், நான் எல்லாரையும் கேட்கிற அதே கேள்வி. நான் யோசித்தேன், முதல்முறையாக யோசித்தேன். நிறமே இல்லை. பச்சை முட்டையை உடைத்தால் மஞ்சளைச் சுற்றி இருக்குமே, அந்த மாதிரி. அதையும் நாம் வெள்ளைக்கரு என்றுதான் சொல்கிறோம், வேகிறவரைக்கும் அதில் எங்கே இருக்கிறது வெள்ளை. ரெஜினா சொன்னாள், தயிர் மாதிரி இருந்து அரித்தாலோ நாற்றம் அடித்தாலோதான் டாக்டரிடம் போக வேண்டும், இந்தக் கண்ணாடி நிறம் வியாதி இல்லை, முட்டை வரப்போகிறது என்று உடம்பு கதவைத் திறந்து வைக்கிற நாள் இது. அவர்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் வகுப்பு எடுப்பார்களாம், ஃபாதர் ஒரு பக்கம், ஒரு டீச்சரம்மா ஒரு பக்கம். அவளுக்கு இரண்டு பிள்ளை போதும், அதனால் இந்த அடையாளம் தெரிகிற நாட்களில் அவளும் புருஷனும் தனித்தனியாகப் படுப்பார்கள், ஈரம் நின்று, முட்டை வந்ததற்கு அடையாளமாகச் சூடு ஏறி நிலைத்த பிறகுதான் சேருவார்கள். பிள்ளை தங்கினால் அந்தச் சூடு இறங்காதாம், தங்காவிட்டால் தூரத்துக்கு முன்னால் இறங்கிவிடுமாம். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ கோகிலா," என்றாள், "நாங்க ஃபாதர்கிட்ட கத்துக்கிட்டதை நீங்க அத்தைகிட்ட கத்துக்கிட்டிருக்கீங்க. எங்களுக்காவது ஒரு மாசம் ரெண்டு மாசம் தப்பிப் போகும். நாலு வருசமா நீங்க ஒரு நாள்கூடத் தப்பு பண்ணல." எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சாம்பார் சாதம் ஆறிப்போய்க் கட்டியாகிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் ஸ்பீக்கர் எப்போதும் கொஞ்சம் கரகரக்கும். கோபம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும், அன்று சாயங்காலம் அத்தை வெந்தயத் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது தட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. நாலு வருடம். கோயில் கோயிலாகப் போனது, தொட்டில் கட்டியது, வளைகாப்பு வீடுகளில் வாசலோடு திரும்பி வந்தது, ஈரோட்டு டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை, முயற்சி பண்ணுங்க என்றது, எந்த நாளில் முயற்சி பண்ணுகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டேன். அத்தையின் விரல் நுனியெல்லாம் வெந்தய வாடை. எனக்காகக் காலையிலேயே ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, தண்ணீரில் கலக்கி, கசப்பு தெரியாமல் இருக்க ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷியிடம், உங்களால்தான் எனக்குப் பிள்ளை இல்லை என்று எந்த வாயால் சொல்வது. சொன்னால் அவர் அதற்கப்புறம் சாப்பிட மாட்டார், எனக்குத் தெரியும். அதனால் அடுத்த மாதம் ஒரு பொய் சொன்னேன். எனக்கு நின்னுபோச்சுங்க அத்தை, சுத்தமாக் குணமாயிருச்சு என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. பக்கத்து வீட்டுக்கு மட்டுமில்லை, அடுத்த தெருவுக்கும் வெந்தய வைத்தியம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தெருவில் எத்தனை பேர் இப்போது ஆசாரத்தில் படுத்திருக்கிறார்களோ தெரியவில்லை. அதை நினைத்தால் சுருக்கென்கிறது, ஒருநாள் அந்தப் பெண்களுக்காவது சொல்ல வேண்டும்.

இவர் புரண்டு படுக்கிறார். நந்தகோபால், என் வீட்டுக்காரர், மின்வாரிய ஆபீசில் வேலை, ஊருக்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்லத் தெரிந்தவர், இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. முதலில் நல்ல நேரம் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொண்டு ராகு காலம் எப்போது என்று கேட்டார். வீடு சின்னது, அத்தையின் காது கூர்மை, அதனால் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டோம், அந்தக் கண்ணாடி ஈரம் தெரிகிற அன்று நான் லேபிலிருந்து ஃபோன் பண்ணி, வரும்போது முட்டை வாங்கிட்டு வாங்க என்பேன். முதல் மாதம் மனுஷன் சங்கேதத்தை மறந்துவிட்டு ஒரு அட்டை நிறைய முட்டையோடு வந்து நின்றார், அத்தை அதை வாங்கிக் குழம்பு வைத்தார், இவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கே தூங்கிப்போனார். அந்த மாதம் அவ்வளவுதான். இந்த மாதம் ஆடி. அம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று, வீட்டில் கவுச்சி கிடையாது. அன்றைக்கு எனக்கு லீவு வேறு, நான் அடுப்படியில் நின்று ஃபோனில் மெதுவாக, முட்டை வாங்கிட்டு வாங்க என்று சொல்லி வைத்தேன், பின்னாலிருந்து அத்தை, "ஆடியில முட்டையா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். அந்தப் பக்கம் இவர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சாயங்காலம் வெறும் கையோடு வந்தார். வெறும் கையை விரித்துக் காட்டி, ஆடியாம், கடையில தர மாட்டேங்கறாங்க என்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை, அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் வெந்தய வாடை இருந்தது.

ஆடி. அதுதான் இன்னொரு முள். தலை ஆடிக்கு அத்தையே என் பெட்டியை எடுத்துவைத்துக் காங்கேயத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டு, மாதம் முடிந்துதான் வர வேண்டும் என்றார். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது, வெயிலிலும் தாயும் பிள்ளையும் வாடிப்போவார்கள் என்று அவர் பயம். அப்போது எனக்கு அது வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது, இப்போது யோசித்தால் இந்த ஜனங்களும் எனக்கு முன்னால் கணக்குப் போட்டிருக்கிறார்கள், எந்த மாதம் சேர்ந்தால் எந்த மாதம் பிறக்கும் என்று, மாதத்தைப் பிடித்தவர்கள் நாளைத்தான் விட்டுவிட்டார்கள். இப்போது ஆடி கடைசி வெள்ளி. இது நின்றால் சித்திரை. நிற்கட்டும். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும், எந்த மாதத்துப் பிள்ளையானாலும் வேண்டும், கத்திரி வெயிலில் பிறந்து நாள் முழுக்கக் கத்தினாலும் வேண்டும். ஆவணி பிறந்ததும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கருக்குழாய் அடைப்புப் பார்க்க நாள் குறித்திருக்கிறது, அங்கே போகாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போனாலும் போகலாம், அதுவும் ஒரு வழிதான், இன்றைக்குக் கோடு இறங்கினாலும் அடுத்த மாதம் மறுபடி முட்டை வாங்கச் சொல்வேன், நாலு வருடம் மூடிக் கிடந்த கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம். இப்படி நினைத்தால் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறங்கக் கூடாது. மாரியாத்தா, இன்றைக்கு மட்டும் இறங்கக் கூடாது.

உடம்பு கதகதப்பாகத்தான் இருக்கிறது. உள்ளங்கை, காது மடல், கழுத்துக்குக் கீழே. அய்யோ, இது காய்ச்சலாக இருந்தால்? எதிர்வீட்டுப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டேனே. காய்ச்சல் வந்தால் கோடு சும்மாவே ஏறும், அதை நம்பக் கூடாது, சரியாகத் தூங்காவிட்டாலும் நம்பக் கூடாது என்று ரெஜினா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். தூங்கினேனா? தூங்கினேன். தொண்டை வலிக்கிறதா? இல்லை. கண் எரிகிறதா? எரியவில்லை, ஈரமாக இருக்கிறது, அது வேறு. பல் விளக்கும்போது பேஸ்ட் வாடை நேற்று குமட்டியதே, அது என்ன? அது பேஸ்ட். புதுப் பேஸ்ட். கணக்கில் சேர்க்காதே. மார்பு வலிக்கிறதே. அது தூரத்துக்கு முன்னாலும் வலிக்கும். சேர்க்காதே. எல்லாவற்றையும் சேர்த்துப் போன மாதம் ஒரு கோட்டை கட்டினாய் அல்லவா. கோடு மட்டும்தான் சாட்சி. பாட்டு முடியப் போகிறது, குலவை வந்துவிட்டது, அந்தப் பொம்பளைகள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுகிறார்கள், என் நாக்கு இங்கே குச்சியின்மேல் அசையாமல் கிடக்கிறது.

"கோகிலா, எந்திரிச்சிட்டியா கண்ணு?" அத்தையின் குரல். கதவுக்கு வெளியே. பதில் சொல்லக் கூடாது. கோகிலா, என்று இன்னொரு தரம். குலவை இன்னும் முடியவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை, அதனால்தான் கதவு திறக்கிறது, இவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லக்கூட நேரமில்லை. அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, என் வாயில் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். தெர்மாமீட்டர் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, புறங்கையை என் கழுத்தில் வைக்கிறார். குளிர்ந்த கை. அந்தக் கை பட்டதும் எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடுகிறது, துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. என்ன சாமி, என்கிறார், சொல்ல வேண்டியதுதானே, ஒடம்பு கதகதன்னு இருக்குதே, எதிர்வீட்டுப் பையன்கிட்ட இருந்து ஒட்டிருச்சா. அவராகவே பேசிக்கொள்கிறார், நிலவேம்புக் கசாயம் வைக்கிறேன், மிளகு தட்டிப் போடுகிறேன், ஒரே வேளையில் சூடு இறங்கிவிடும் என்கிறார். குலவை நின்றுவிட்டது. ஸ்பீக்கர் கரகரத்து அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறது. நான் எடுக்கிறேன். பாதரசம் உதறாமல் இறங்காது, ஒரு நாள் முழுக்கப் பார்க்காமல் வைத்திருந்தாலும் அப்படியே நிற்கும். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புகிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி மட்டும்தான் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்புகிறேன். இருக்கிறது. நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஒரு மயிரிழைகூடக் கீழே வரவில்லை. காய்ச்சல் அளவுக்கு ஏறவும் இல்லை. பிடித்து வைத்த இடத்தில் நிற்கிறது.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போகத் திரும்புகிறார். இன்றைக்கு என் முதல் வார்த்தை இதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கசாயம் வேண்டாமுங்க அத்தை. சூடு எறங்க வேண்டாம்."

திரும்பிப் பார்க்கிறார். உளறுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். பிறகு என் கையில் இருக்கும் குச்சியைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், கொடியில் காயும் துணிகளைக்கூட ஒரு பார்வை பார்க்கிறார். இந்த மாதம் முற்றத்தில் பக்கெட் நிறைகிற சத்தம் கேட்கவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது போலிருக்கிறது. இன்னும் உறுதி இல்லைங்க அத்தை, டாக்டரம்மாகிட்டப் போய்ப் பார்க்கணும் என்கிறேன். அவர் கட்டைவிரல் தானாக மற்ற விரல்களின் கணுக்களில் நகரத் தொடங்குகிறது. உதடு அசைகிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இதே ஆடியில் என்னைப் பஸ் ஏற்றிவிட்ட கை. பங்குனியைத் தாண்டுகிறது, தாண்டி நிற்கிறது, நான் போர்வையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். அத்தை அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். எங்கள் அறைக்கு மட்டும் மேலே தகரம்.

"இந்த ரூம்பு ஆகாது," என்கிறார் மெதுவாக. "சித்திரை வெயிலுக்குத் தகரம் பொரிஞ்சு போயிரும். கொழந்தையும் நீயும் என்ற ரூம்புல படுத்துக்கங்க. நான் ஆசாரத்துல படுத்துக்கறேன்."

பிறகு என் தலையில் கை வைத்து, நாலு வருடமாகக் கொடுத்த வெந்தயம் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறது என்று சொல்லி மூக்கை உறிஞ்சுகிறார். ஆமாங்க அத்தை என்கிறேன். மனதாரத்தான் சொல்கிறேன். பேச்சுச் சத்தத்தில் இவர் விழித்துக்கொண்டு, அம்மாவை விடிகாலையில் எங்கள் அறையில் பார்த்த பதற்றத்தில் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து, என்னாச்சு, யாருக்கு என்னாச்சு என்கிறார். அத்தை என் கையிலிருந்து தெர்மாமீட்டரை வாங்குகிறார், உதறிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்கிறது, உதறவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

"ஒண்ணுமில்ல," என்கிறார் மகனிடம். "உன்ற பொண்டாட்டிக்கு ஒடம்பு சூடு. நல்ல சூடு. நீ எந்திரிச்சுப் போய்ப் பாலை வாங்கிட்டு வா."